கெட்டுப்போன மைட்டோகாண்ட்ரியாவை முதலில் பார்ப்பது யார்?

ரப்பர்காட்டுத் தேனீ:

வணக்கம். எனக்குத் தொழில் தேனீ வளர்ப்பு. குலசேகரத்தைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களில் இப்போது 62 பெட்டிகள் வைத்திருக்கிறேன். உயிரியல் படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு சரி. கேள்வியில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அண்ணன் ரப்பர் வெட்டுகிறவர். 34 வயதில் அவருக்கு இடது பாதம் நடக்கும்போது உட்பக்கமாக மடங்கத் தொடங்கியது. தூங்கி எழுந்ததும் நன்றாக இருப்பார். வெயில் ஏற ஏறக் கால் இழுக்கும். அதிகாலை வெட்டு என்பதால் தோட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. ஒருநாள் கத்தி பட்டையைத் தாண்டித் தடியிலேயே இறங்கிவிட்டது. பதினாறு வருடம் வெட்டியவருடைய கை அப்படி இறங்கி நான் பார்த்ததில்லை. இடுப்பு நரம்பு, வாதம் என்று இரண்டு வருடம் எண்ணெயும் கஷாயமுமாகப் போயிற்று. பிறகு திருவனந்தபுரத்தில் காட்டினோம். பார்க்கின்சன் நோய் என்றார்கள். வயது குறைவாக இருந்ததால் மரபணுப் பரிசோதனையும் செய்தார்கள். 'பார்க்கின்' என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் ஒரே துண்டு விடுபட்டிருக்கிறதாம். "அப்பாவும் அம்மாவும் சொந்தமா?" என்று மருத்துவர் கேட்டார். ஆமாம், அம்மா அப்பாவுக்கு மாமன் மகள். "கெட்டுப்போன மைட்டோகாண்ட்ரியாவை அகற்றும் வேலை இவருக்குச் சரியாக நடக்காது" என்று சொல்லி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது.

மைட்டோகாண்ட்ரியா செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் சிறு உறுப்பு என்பதுவரை பள்ளியில் படித்தது நினைவிருந்தது. அதன்பிறகு தமிழில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். எல்லாவற்றிலும் ஒரே வரி: "சேதமடைந்த மைட்டோகாண்ட்ரியாவைச் செல் கண்டறிந்து அகற்றுகிறது." கண்டறிகிறது என்றால், யார் கண்டார்கள்?

என் தொழிலில் இதற்கு விடை உண்டு. அடையில் மூடிய அறைக்குள் புழு செத்துக் கிடந்தால், வேலைக்கார ஈ மூடியின்மேல் நின்று உணர்கொம்பை ஆட்டும். மெழுகு மூடியைத் தாண்டி அதற்கு வாடை தெரியும். முதலில் ஊசிமுனையளவு ஒரு துளை. பிறகு இன்னொரு ஈ வந்து மூடியைக் கடித்து எடுக்கும். இன்னும் இரண்டு வந்து புழுவை இழுத்து வாசலுக்கு வெளியே போடும். 1991-92இல் தாய் சாக்புரூட் வைரஸ் வந்தபோது எங்கள் பக்கம் பெட்டிகள் கூட்டம் கூட்டமாக அழிந்தன. புழு படகு மாதிரித் தலையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் செத்துக் கிடக்கும். ஊசியால் எடுத்தால் தோல் ஒரு நீர்ப்பையாக வரும். அப்பாவிடம் இருந்த 80 பெட்டிகளில் மூன்று மிஞ்சின. "மூக்குள்ள ஈக்கள் பிழைத்தன" என்று அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

செல்லுக்குள் மூக்கும் இல்லை, கொம்பும் இல்லை. ஒரு செல்லில் நூற்றுக்கணக்கில், சிலவற்றில் ஆயிரக்கணக்கில் மைட்டோகாண்ட்ரியா இருக்கிறதாமே. நல்லதும் கெட்டதும் கலந்து கிடக்கும் இடத்தில் வீடு வீடாகப் போய்த் தட்டிப் பார்ப்பது எது? தவறிப்போய் நல்லதையும் தின்றுவிடாதா? என் அண்ணனிடம் இல்லாதது எது: மோப்பம் பிடிக்கும் ஈயா, இழுத்துப் போடும் ஈயா?

---

பசுமை வாழ்வு:

நண்பரே, கவலை வேண்டாம். தினமும் ஒரு மாதுளம்பழம், 16 மணி நேர உண்ணாநோன்பு. மைட்டோகாண்ட்ரியா தானாகச் சுத்தமாகிவிடும். வெளிநாட்டு விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்ட உண்மை.

---

தக்கலைக்காரி:

மாதுளம்பழக்காரருக்கு முதலில் ஒரு வார்த்தை. மாதுளையில் உள்ள சில பொருள்களைக் குடல் பாக்டீரியா யுரோலித்தின்-ஏ என்ற வேதிப்பொருளாக மாற்றுகிறது. அது ஆய்வகப் புழுக்களில் இந்தத் துப்புரவைத் தூண்டியது உண்மை. எல்லாருடைய குடலிலும் அந்த பாக்டீரியா இருப்பதில்லை. பார்க்கின் மரபணுவே உடைந்திருப்பவருக்கு அது மருந்து என்று யாரும் காட்டவில்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்லாதவரை பழத்தைப் பற்றி எனக்குத் தகராறு இல்லை.

அண்ணன், நான் தக்கலையில் பிறந்தவள். பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் நான்கு வருடம் இதே வேலையாக நுண்ணோக்கியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதை மருத்துவ மாணவர்கள்கூடக் கேட்பதில்லை. உங்கள் அண்ணனிடம் மோப்பம் இருக்கிறது. ஆள் திரட்டும் ஈதான் இல்லை.

மோப்பம் என்று சொன்னேனே தவிர, உண்மையில் அங்கே யாரும் தேடிப்போவதில்லை. இதைப் புரிந்துகொள்ள மைட்டோகாண்ட்ரியாவின் வாசலைப் பார்க்க வேண்டும். அதற்குச் சொந்த டி.என்.ஏ. உண்டு, ஆனால் அதிலிருந்து கிடைப்பது 13 புரதங்கள்தான். மீதி ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் உட்கருவின் உத்தரவில் வெளியே தயாராகி, வெளிச் சவ்விலும் உள் சவ்விலும் உள்ள வாசல்கள் வழியாக உள்ளே போகின்றன. பெரும்பாலானவற்றின் முன்நுனியில் நேர்மின்னேற்றம் கொண்ட ஒரு சிறு துண்டு இருக்கும். உள் சவ்வுக்கு உட்புறம் எதிர்மின்னேற்றம். அதுதான் பிடித்து இழுக்கிறது. அந்த மின்னழுத்தம் ஏறத்தாழ 150 முதல் 180 மில்லிவோல்ட். கேட்கச் சிறிதாக இருக்கிறது அல்லவா? சவ்வின் தடிமன் ஐந்தாறு நானோமீட்டர்தான். வகுத்துப் பாருங்கள், மீட்டருக்கு ஏறத்தாழ 3 கோடி வோல்ட் வரும். நாம் மூச்சுவிட்டு எரிக்கும் சோற்றின் சக்தியெல்லாம் முதலில் இந்த அழுத்தமாகத்தான் தேங்குகிறது. மைட்டோகாண்ட்ரியா கெட்டால் பெரும்பாலும் முதலில் விழுவதும் இதுதான்.

இப்போது 'பிங்க்-1' என்று ஒரு புரதம். செல் இதை ஓயாமல் தயாரித்து எல்லா மைட்டோகாண்ட்ரியாவுக்கும் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியா நன்றாக இருந்தால் மின்னழுத்தம் பிங்க்-1இன் தலையை உள்ளே இழுக்கும். உள் சவ்வில் 'பார்ல்' என்ற நொதி அதை வெட்டும். வெட்டுப்பட்ட மிச்சம் வெளியே திரும்பி, புரோட்டியசோம் என்ற அரவை இயந்திரத்தில் தூளாகிவிடும். அதனால் நலமான செல்லில் பிங்க்-1ஐத் தேடினால் கிடைப்பது அரிது. தயாரித்ததும் அழிவதுதான் அதன் பிழைப்பு. வீண்செலவு என்று தோன்றும். எனக்கும் முதலில் தோன்றியது.

மைட்டோகாண்ட்ரியா கெட்டு மின்னழுத்தம் விழுந்துவிட்டால் இழுக்க ஆளில்லை. பிங்க்-1 வெளி வாசலிலேயே சிக்கி நிற்கும். அடுத்தது வந்து அதன் பக்கத்தில் நிற்கும். இரண்டு சேர்ந்தால் ஒன்றையொன்று பாஸ்பேட் ஒட்டித் தூண்டிவிடும். யாரும் கதவைத் தட்டவில்லை, யாரும் எட்டிப் பார்க்கவில்லை. உள்ளே போக முடியாதது வாசலில் நிற்கிறது. உங்கள் "யார் கண்டார்கள்?" என்பதற்கு இதுதான் பதில்.

தூண்டப்பட்ட பிங்க்-1 பக்கத்தில் இருக்கும் யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தின்மேல் கை வைக்கிறது. யுபிக்விட்டின் 76 அமினோ அமிலங்களால் ஆனது, அதில் 65ஆவது இடத்தில் ஒரு பாஸ்பேட் ஒட்டுகிறது. செல் முழுக்கத் தன்னைத்தானே மடித்துப் பூட்டிக்கொண்டு சும்மா மிதக்கும் பார்க்கின் (உங்கள் அண்ணனுக்கு உடைந்திருக்கும் மரபணு தயாரிக்கும் புரதம்), இந்த பாஸ்பேட் ஒட்டிய யுபிக்விட்டினில் வந்து மாட்டும். உடனே பூட்டுத் தளரும். பிங்க்-1 பார்க்கினிலும் 65ஆவது இடத்தில் ஒரு பாஸ்பேட் ஒட்டும் (இரண்டிலும் ஒரே எண், தற்செயல்தான்). இப்போது பார்க்கினுக்கு வெறி பிடித்துவிடும். மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச் சவ்வில் அகப்பட்ட புரதத்திலெல்லாம் புதிய யுபிக்விட்டினைச் சங்கிலி சங்கிலியாகக் கோக்கும். அந்தச் சங்கிலிகளிலும் பிங்க்-1 பாஸ்பேட் ஒட்டும். அதைப் பார்த்து இன்னும் பார்க்கின் வரும். பிறகு ஆப்டினியூரின், என்டிபி52 என்ற இணைப்பாளர்கள் ஒரு கையால் சங்கிலியையும் மறுகையால் புதிதாக வளரும் ஒரு சவ்வையும் பிடித்துக்கொள்ள, அந்தச் சவ்வு மைட்டோகாண்ட்ரியாவைப் பையாகச் சுற்றி லைசோசோமிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். அங்கே செரித்துவிடும்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்க்கினுடன் பச்சையாக ஒளிரும் புரதம் ஒன்றை ஒட்டிவைப்போம். முதலில் செல் முழுவதும் பனிமூட்டம் மாதிரி ஒரே சீரான பச்சை. மைட்டோகாண்ட்ரியாவின் மின்னழுத்தத்தை இறக்கும் ஒரு வேதிப்பொருளைத் துளி விடுவோம். ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் மூட்டத்தைக் காணோம். பச்சை முழுவதும் சின்னச் சின்ன வளையங்களாகத் திரண்டு நிற்கும். அமெரிக்காவில் ரிச்சர்ட் யூலின் ஆய்வகம் 2008இல் வெளியிட்டது இந்தக் காட்சியைத்தான். பார்க்கின் மரபணுவை ஜப்பானியர்கள் இளவயது நோயாளிகளிடம் கண்டுபிடித்தது 1998இல். நடுவில் பத்து வருடம், அது செல்லில் எங்கே போய் நின்று வேலை செய்கிறது என்பது பிடிபடவே இல்லை.

---

ரப்பர்காட்டுத் தேனீ:

தங்கச்சி, இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை பெட்டிகளுக்குப் போய் வந்து படித்தபோதுதான் பிடிபட்டது. சரியா என்று சொல்லுங்கள்.

எங்களுக்குத் தேன் வரவு தை முதல் பங்குனி வரை. ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்க்கும்போது, மூன்று இலைகள் சேரும் காம்பு நுனியில் தேன் கசியும். பூவில் இல்லை, இலைக்காம்பில். மழைக்காலத்தில் அது கிடையாது, ஈக்கள் பட்டினி. அப்போது சாயங்காலம் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு சிரட்டையில் சர்க்கரைப் பாகு ஊற்றி, ஈ மூழ்காமல் இருக்க நாலு ஈர்க்குச்சி போட்டு வைப்போம். நல்ல கூட்டம் உள்ள பெட்டியில் விடிவதற்குள் சிரட்டை நக்கித் துடைத்தாற்போல் இருக்கும். நலிந்த பெட்டியில் பாகு அப்படியே கிடக்கும். மிச்சப் பாகுக்கு ஓர் எறும்பு வரும். அது போன தடத்தில் பத்து வரும். பத்து போய் நூறு வரும். பெட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தியிருந்தாலும் ஓர் இலை சாய்ந்தால் போதும், அதன் வழியாக ஏறிவிடும். மூடியைத் திறந்து ஈக்களை எண்ண வேண்டியதே இல்லை, எறும்புச் சாரையைப் பார்த்தாலே எந்தப் பெட்டி நொந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பிங்க்-1 அந்தப் பாகுதானே? எறும்பு பார்க்கின்.

ஆனால் ஒரு சந்தேகம். நல்ல பெட்டியிலும் சில நாள் பாகு மிஞ்சும். இரவு முழுக்கக் கொட்டித் தீர்த்த மழையில் ஈக்கள் குளிரில் ஒடுங்கிக் கிடந்திருக்கும். அன்றைக்கு எறும்பு வந்துவிட்டால் நல்ல கூட்டமே ஓடிப்போகும். செல்லில் அப்படி ஆகாதா?

---

தக்கலைக்காரி:

அண்ணன், சிரட்டைப் பாகை நான் இனிமேல் என் வகுப்புகளில் திருடிக்கொள்ளப் போகிறேன். ஒரே ஒரு திருத்தம். பாகு எறும்பை வெறுமனே ஈர்க்கிறது. பிங்க்-1 எறும்புக்குத் தடமும் போட்டுக் கொடுக்கிறது, வந்த எறும்பைக் கிள்ளியும் விடுகிறது. மற்றபடி கனகச்சிதம்.

மழை நாள் பிரச்சினை உண்மையான பிரச்சினை. மைட்டோகாண்ட்ரியாவின் மின்னழுத்தம் நொடிக்கு நொடி ஏறி இறங்கும். அதற்காக உடனே தின்றுவிட்டால் செல் பிழைக்காது. பல தடுப்புகள் இருக்கின்றன. வெளிச் சவ்விலேயே 'யுஎஸ்பி30' என்ற நொதி உட்கார்ந்துகொண்டு, பார்க்கின் கோத்த யுபிக்விட்டினை அறுத்து எறிந்துகொண்டே இருக்கும். உங்கள் கணக்கில், எறும்புத் தடத்தை ஈரத்துணியால் துடைக்கிறவன். கோப்பது அறுப்பதைவிட வேகமானால்தான் சாரை உருவாகும். மின்னழுத்தம் திரும்பி வந்துவிட்டால் பிங்க்-1 மறுபடி உள்ளே இழுக்கப்பட்டுத் தூளாகும், கூட்டம் கலைந்துவிடும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. மின்னழுத்தம் இருந்தும், உள்ளே சரியாக மடியாத புரதங்கள் குவிந்து நெரிசலானாலும் பிங்க்-1 வாசலில் தேங்கும். ஆகவே அது அளப்பது மின்சாரத்தை மட்டுமல்ல, 'இந்த வாசல் வேலை செய்கிறதா' என்பதையும்தான். இதனால்தான் எனக்கு இந்த ஏற்பாட்டின்மேல் அத்தனை மோகம். மைட்டோகாண்ட்ரியா எந்த வகையில் கெட்டாலும் ஏதோ ஒரு கட்டத்தில் வாசல் தடுமாறும்.

இன்னொன்று. மைட்டோகாண்ட்ரியா படத்தில் போட்டிருப்பதுபோலத் தனித்தனி அவரைவிதை அல்ல. ஒன்றோடொன்று சேர்ந்து கொடியாக ஓடும், பிறகு பிரியும். பார்க்கின் முதலில் கழித்துக் கட்டுபவற்றில் மைட்டோஃபியூசின் இருக்கிறது. சேர்த்து ஒட்டும் பசை அது. அழுகிய துண்டு திரும்பப் போய் நல்ல கொடியில் ஒட்டாதபடி பசையை எடுத்துவிடுகிறது. நீங்களும் நோய் வந்த அடையை அடுத்த பெட்டிக்கு மாற்றமாட்டீர்கள் அல்லவா?

---

வடசேரி வாத்தியார்:

கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். தக்கலை மகள் சொன்னது அவ்வளவும் சரி, ஆனால் அந்தப் பச்சை வளையக் காட்சியில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டாள். அது பெரும்பாலும் ஹீலா என்ற, ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதச் செல்களில் எடுத்த காட்சி. ஹீலாவில் பார்க்கின் சொந்தமாக ஏறக்குறைய இல்லவே இல்லை, வெளியிலிருந்து ஏராளமாகக் கொடுக்கிறார்கள். அத்தனை மைட்டோகாண்ட்ரியாவையும் ஒரே நேரத்தில் வேதிப்பொருளால் வீழ்த்துகிறார்கள். ஊரில் எல்லா வீட்டிலும் ஒரே நொடியில் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தீயணைப்பு வண்டி எப்படி ஓடுகிறது என்று பார்ப்பது மாதிரி. உடம்பில் அப்படி நடப்பதில்லை.

எனக்குப் பிடித்த சான்று பழ ஈ. பிங்க்-1 இல்லாத ஈயும் பார்க்கின் இல்லாத ஈயும் அச்சில் வார்த்தாற்போல் ஒரே மாதிரி இருக்கும். பறக்கும் தசை நைந்து சிறகு தொங்கும், ஆண் ஈ மலடு. தசைக்குள் மைட்டோகாண்ட்ரியா வீங்கிக் கிடக்கும். 2006இல் ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள் இதைக் காட்டின. பிங்க்-1 இல்லாத ஈக்குப் பார்க்கினை அதிகமாகக் கொடுத்தால் தசை தேறியது. பார்க்கின் இல்லாத ஈக்குப் பிங்க்-1 கொடுத்தால் தேறவில்லை. தம்பி, மோப்ப ஈயா இழுக்கும் ஈயா என்று நீங்கள் கேட்டதற்கு அந்த ஈக்களே அன்றைக்குப் பதில் சொல்லிவிட்டன: முதலில் பிங்க்-1, அதற்குக் கீழே பார்க்கின். (நானும் பழ ஈ வளர்த்திருக்கிறேன், மட்டிப்பழக் கூழில். "இதற்குப் போய் மட்டிப்பழமா?" என்று துறையில் என்னோடு பேசாமல் இருந்தவர்கள் உண்டு.)

எலி மட்டும் ஒத்துழைக்கவில்லை. இந்த மரபணுக்களை நீக்கிய எலிகளுக்கு மனிதர்களைப்போல நோய் வருவதில்லை. 2018இல் பிங்க்-1 இல்லாத எலிகளின் மூளையைப் பார்த்தபோது அன்றாடத் துப்புரவு ஏறக்குறைய வழக்கம்போல் நடந்துகொண்டிருந்தது. காரணம், செல்லுக்கு வேறு வழிகளும் இருக்கின்றன. நம் சிவப்பணுவை எடுத்துக்கொள்ளுங்கள். முதிரும்போது அது தன் மைட்டோகாண்ட்ரியா அனைத்தையும் கழித்துவிடுகிறது, நல்லது கெட்டது பார்ப்பதில்லை. அதற்கு 'நிக்ஸ்' என்ற புரதம் மைட்டோகாண்ட்ரியாவின் மேலேயே கொடியாக நிற்கிறது, பார்க்கின் தேவையில்லை. ஆக்சிஜன் குறைந்தால் 'ஃபண்டிசி1' என்று வேறொன்று. ஆகவே அண்ணனுடைய உடம்பில் துப்புரவே நடக்கவில்லை என்று நினைக்காதீர்கள். நெருக்கடி நேரத்துக்கான ஒரு பாதைதான் அடைபட்டிருக்கிறது.

அப்படியானால் பார்க்கின்சன் நோயில் ஏன் நடுமூளையில் உள்ள ஒரு சிறிய கரும்பகுதி மட்டும் முதலில் அடிபடுகிறது? அந்த நரம்பணுக்கள் பிறந்தது முதல் பிரிவதில்லை, பழுதைப் பங்கிட்டுக்கொள்ள முடியாது. ஒவ்வொன்றின் நாரும் ஆலமரம்போலக் கிளைத்து லட்சக்கணக்கான முனைகளில் முடிகிறது. யாரும் தூண்டாமலே இரவுபகல் தானே துடித்துக்கொண்டிருக்கும். அவை சுரக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருளே காற்றுப்பட்ட ஆப்பிள் துண்டுபோலக் கருத்துப்போய்ச் செல்லைக் கெடுக்கும். நெருக்கடி அங்கே தினசரி. என் கருத்து இது. இதோடு சண்டை போடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்.

மருந்து விஷயம்: பார்க்கின் வகை நோயாளிகளுக்குப் பொதுவாக லெவோடோபா சிறிய அளவிலேயே நன்றாகக் கேட்கும், நோய் மெதுவாகத்தான் நகரும், நினைவாற்றல் பெரும்பாலும் கெடாது. ஆனால் கை கால் தானாக ஆடும் பக்கவிளைவு சீக்கிரம் வரக்கூடும். மருந்து சாப்பிட்ட நேரத்தையும் கால் இழுக்கும் நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். மூன்று நிமிட மருத்துவரிடமும் அது பேசும்.

---

ரப்பர்காட்டுத் தேனீ:

சார், நோட்டு இன்றைக்கே போட்டுவிட்டேன்.

ஒரு கேள்வி பாக்கி. என் மகளை அக்கா மகனுக்குக் கேட்கிறார்கள். இருவரும் படித்துக்கொண்டிருக்கிறார்கள், அவசரம் இல்லை. ஆனால் இந்த அறிக்கை வந்தபிறகு எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அக்காவுக்கும் எனக்கும் எந்தக் குறையும் இல்லை.

---

தக்கலைக்காரி:

அண்ணன், கணக்கு இப்படி. உங்கள் அப்பா, அம்மா இருவரிடமும் உடைந்த பிரதி ஒவ்வொன்று இருந்திருக்கிறது. நோய் வராத பிள்ளை அந்தப் பிரதி ஒன்றைச் சுமக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. இது உங்களுக்கும் அக்காவுக்கும் தனித்தனியே பொருந்தும். உங்கள் மகளிடம் அது இருக்க மூன்றில் ஒன்று, அக்கா மகனிடம் இருக்க மூன்றில் ஒன்று. இருவரிடமும் இருக்க ஒன்பதில் ஒன்று. அப்படி இருந்தால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒன்று. ஆகமொத்தம் முப்பத்தாறில் ஒன்று. ஒரு பிரதி மட்டும் உடைந்திருந்தால் பொதுவாக இந்த நோய் வருவதில்லை. ஊகக் கணக்கோடு உட்கார்ந்திருக்க வேண்டாம், எந்தத் துண்டு விடுபட்டது என்று அண்ணனின் அறிக்கையில் இருப்பதால் உங்கள் இருவரையும் முதலில் சோதித்துப் பார்ப்பது எளிது. இருவரில் ஒருவரிடம் இல்லையென்றாலே இந்தக் கவலை தீர்ந்தது. மரபணு ஆலோசகர் ஒருவரிடம் இரண்டு குடும்பமும் சேர்ந்து போங்கள். வீட்டுப் பெண்கள் மட்டும் கேட்டு வந்து சொல்வது என்று விட்டுவிடாதீர்கள்; நம் ஊரில் பிறகு பழி முழுவதும் அவர்கள் தலையில்தான் வரும்.

---

ரப்பர்காட்டுத் தேனீ:

அக்காவிடம் பேசிவிட்டேன். அடுத்த தடவை திருவனந்தபுரம் போகும்போது அவளும் அத்தானும் கூட வருகிறார்கள்.

நேற்று ராத்திரி அண்ணனுக்கு இதெல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். இப்போது அவர் வெட்டுக்குப் போவதில்லை, என்னுடைய தேன்பெட்டிச் சட்டங்களுக்குக் கம்பி கட்டித் தருகிறார். மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் என்னைவிட நேராகக் கட்டுவார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கடைசியில், "அப்படியானால் என் சிரட்டையில் பாகு மிஞ்சுகிறது, எறும்புதான் வரவில்லை. அவ்வளவுதானே?" என்றார். ஆமாம் என்றேன். "எறும்பு வராததற்காக வருத்தப்படும் முதல் தேனீக்காரன் நீதான்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்.